வெள்ளிக்கிழமைக்கு முதலில் வாங்குங்கள்

கேள்வி: மிஸ், நாங்கள் மட்டக்களப்பிலிருந்து வந்து கொழும்பில், பாமன்கடையில் வாடகைக்கு இருக்கிறோம். நானும் கணவரும், 13 வயது மகள், 7 வயது மகன், மாமி என்று ஐந்து பேர். மரக்கறி, பழம், மீன், முட்டை எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிழமைக்கு 6,000 ரூபாதான் ஒதுக்க முடிகிறது. ஞாயிறுதோறும் நாரஹேன்பிட்டிச் சந்தைக்குப் போய்ப் பை நிறைய வாங்கி வருகிறேன். ஆனாலும் வியாழன், வெள்ளி வந்தால் பாதி அழுகிக் கிடக்கிறது, மீதி முடிந்துவிடுகிறது. பக்கத்து சுப்பர் மார்க்கெட்டுக்கு ஓடினால் இன்னொரு 1,500 போய்விடும். கரட், போஞ்சி இல்லாமல் பிள்ளைகளுக்கு என்ன சத்து என்று மாமி கேட்கிறார். சந்தை மரக்கறி எல்லாம் மருந்தடித்தது, சேதன முறையில் விளைந்ததைத்தான் வாங்க வேண்டும் என்று நண்பி சொல்கிறாள். மகளுக்கு இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் சொல்லிக் குளிசையும் தந்திருக்கிறார்கள். எனக்குச் சிங்களம் தட்டுத்தடுமாறித்தான் வரும், விலை கேட்கவே கூச்சமாக இருக்கிறது, பேரம் எப்படிப் பேசுவது? போன ஞாயிறு வாங்கியதை எழுதி அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

பதில்: தங்கச்சி, உங்கள் பட்டியலைத்தான் முதலில் பார்த்தேன். உருளைக்கிழங்கு 2 கிலோ, மரவள்ளி ஒன்றரைக் கிலோ, கரட் ஒரு கிலோ, போஞ்சி ஒரு கிலோ, தக்காளி ஒரு கிலோ, லீக்ஸ் அரைக் கிலோ, கத்தரிக்காய் அரைக் கிலோ, வல்லாரை, முருங்கையிலை, கங்குன் மூன்றிலும் இரண்டிரண்டு கட்டு, அப்பிள் ஆறு. நல்ல சாமான்தான், ஒன்றையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதை ஞாயிற்றுக்கிழமைச் சமையலை நினைத்துக்கொண்டு வாங்கியிருக்கிறீர்கள். சந்தையில் நிற்கும்போது எல்லோருக்கும் அப்படித்தான், பச்சைப் பசேலென்று கீரையைக் கண்டால் கை தானாகப் போகும். ஆறு கட்டுக் கீரையை ஒரு வீட்டில் இரண்டு நாளில் சாப்பிட்டு முடிக்க முடியாது, மூன்றாம் நாளுக்கு அது தாங்கவும் தாங்காது.

இதில் உங்கள் வீட்டுக்கென்று இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சைவம் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அங்கேதான் இருக்கிறது. மற்ற நாட்களில் ஒரு மீன் குழம்போ முட்டைப் பொரியலோ இருந்தால் ஒரு மரக்கறியோடு ஒப்பேற்றிவிடலாம். வெள்ளிக்கிழமை மட்டும் மூன்று கறி வேண்டும், அதுவும் சந்தைக்குப் போய் ஐந்து நாள் கழித்து, பிரிட்ஜ் காலியாக இருக்கும் நேரத்தில். அந்த 1,500 ரூபா போவது உங்கள் கை தாராளத்தால் இல்லை. ஒரு கிழமையில் அதிக மரக்கறி தேவைப்படும் நாள், மரக்கறி மிகக் குறைவாக இருக்கும் நாளில் வந்து விழுகிறது, அவ்வளவுதான். அதனால் இந்த ஞாயிறிலிருந்து சந்தையில் முதல் காசை வெள்ளிக்கிழமைக்குச் செலவழியுங்கள். பிறகு வியாழன், புதன் என்று பின்னோக்கி வாருங்கள். கீரை கடைசியாகப் பைக்குள் போகட்டும். அடியில் கிடந்து நசுங்காமல் இருக்கவும் அதுதான் நல்லது.

வெள்ளி வரை தாங்குவது எது? பூசணிக்காய், பீட்ரூட், நோக்கோல், கோவா, கரட். வாழைக்காயும் தாங்கும், கொஞ்சம் பக்குவம் வேண்டும்: பச்சையாக, தோலில் அடிபடாததாகப் பார்த்து வாங்கித் தண்ணீரில் அமிழ்த்தி வைத்து, தினமும் தண்ணீரை மாற்றினால் பழுப்பது தள்ளிப்போகும். பூசணியை வெட்டிய துண்டாக வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் விதையையும் நடுவில் உள்ள நாரையும் வழித்து எடுத்துவிடுங்கள், அது அழுகத் தொடங்குவது அந்த இடத்திலிருந்துதான். முழுக்காய் என்றால் காற்றோட்டமான மூலையில் கிழமைக்கணக்கில் சும்மா கிடக்கும். பெரிய காயாக ஒன்று வாங்கிப் பக்கத்து வீட்டோடு பாதி போட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

பீட்ரூட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பட்டியலிலேயே அது இல்லை. இலையோடு இருக்கும் பீட்ரூட்டாகத் தேடி வாங்குங்கள். சில கடைகளில் இலையை முறித்துக் கீழே போட்டிருப்பார்கள், கேட்டால் சும்மாவே தருவார்கள். வீட்டுக்கு வந்த உடனே ஒரு அங்குலத் தண்டு மட்டும் விட்டு இலையை வெட்டிவிடுங்கள். விட்டு வைத்தால் கிழங்கிலிருக்கும் ஈரத்தை இலை இழுத்துக்கொள்ளும், கிழங்கு சுருங்கிவிடும். இலை திங்கட்கிழமைச் சுண்டலுக்கு, கிழங்கு வெள்ளிக்கிழமைக் கறிக்கு. ஒரு விலைக்கு இரண்டு கறி. நோக்கோல் இலையும் முள்ளங்கி இலையும் இதே கணக்கில்தான் வரும்.

அப்படியானால் ஞாயிறு, திங்கள், செவ்வாய்க்கு என்ன? தாங்காததெல்லாம் அந்த நாட்களுக்கு. மரவள்ளியை வாங்கிய அன்றோ மறுநாளோ அவித்துவிட வேண்டும், பிந்தினால் உள்ளே கருங்கோடு ஓடிவிடும். கடைக்காரரிடம் நுனியை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். வெள்ளை வெளேரென்று இருந்தால் எடுங்கள், நீலமோ கறுப்போ கோடாகத் தெரிந்தால் வேண்டாம். ஈரப்பலாவும் அப்படித்தான், இரண்டு நாள் வைத்தால் பழுத்துக் குழைந்துவிடும். கீரையில் மூன்று கட்டு போதும். முருங்கையிலையை அன்றைக்கே உருவி, ஈரமில்லாமல் கடதாசி விரித்த டப்பாவில் போடுங்கள். ஊரில் வேலியில் முறித்து நேரே சட்டியில் போட்ட உங்களுக்கு இலையைக் காசு கொடுத்து வாங்குவதே வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும், அதை எறிவது அதைவிட எரிச்சல். மற்றக் கீரைகளைக் கழுவாமல் பத்திரிகைத் தாளில் சுற்றி வையுங்கள், சமைக்கும்போது கழுவினால் போதும். புதனுக்கும் வியாழனுக்கும் நடுத்தரமாகத் தாங்குவது போகும்: பயிற்றங்காய், பாகற்காய், புடலங்காய், கத்தரிக்காய். வெண்டிக்காயைச் செவ்வாய்க்குள் முடித்துவிடுங்கள்.

6,000 ரூபாவையும் ஞாயிற்றுக்கிழமை கையில் கொண்டுபோக வேண்டாம். ஒரு 700 ரூபாவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். உங்கள் பக்கம் ஒழுங்கைக்குள் ஒலிபெருக்கி போட்டுக்கொண்டு வரும் சின்ன லொறியில் புதன்கிழமை ஒரு கட்டுக் கீரையும் நாலு தக்காளியும் வாங்க அது காணும். சுப்பர் மார்க்கெட்டைப் பற்றி எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, சில நாள் சில சாமான் அங்கே மலிவாகவும் இருக்கும். ஆனால் இரண்டு கட்டுக் கீரைக்குப் போனவர் பிஸ்கட்டும் யோகட்டும் வாங்காமல் திரும்பியதை நான் கண்டதில்லை.

இப்போது சந்தைக்குள் வருவோம். உள்ளே போனதும் ஒன்றும் வாங்காமல் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். எது குவிந்து கிடக்கிறது, எந்த மரக்கறியை நாலைந்து கடையிலும் கூவி விற்கிறார்கள் என்று பாருங்கள், அந்தக் கிழமை மலிவு அதுதான். என்ன கறி என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போகாதீர்கள். ‘வெள்ளிக்குத் தாங்குவதில் மூன்று, நடுவில் தாங்குவதில் மூன்று, கீரை மூன்று கட்டு’ என்ற அளவில் மட்டும் மனதில் இருக்கட்டும், பெயரை சந்தை சொல்லும்.

விலை கேட்கும் கூச்சத்துக்கு ஒரு நல்ல செய்தி: அட்டையில் எழுதித்தான் வைத்திருப்பார்கள். ஆனால் அட்டையை முழுதாகப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் விலை பல நேரம் 250 கிராமுக்கு உரியது, அந்த 250 மூலையில் சின்னதாக இருக்கும். ஒரு கடையில் கிலோ விலை, அடுத்ததில் கால் கிலோ விலை, மூன்றாவதில் கூறு வைத்திருப்பார்கள். நாலால் பெருக்கிப் பார்க்காமல் மலிவு என்று நினைக்க வேண்டாம். காதால் கேட்டால் ‘தெசிய பனஹ’ (இருநூற்றைம்பது) என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள், கால் கிலோவுக்கு அதுதான். ‘கீயத’ (எவ்வளவு) என்று கேட்கத் தெரிந்தால் மிச்சத்தை விரலால் பேசலாம், தமிழ் பேசும் வியாபாரிகளும் இல்லாமல் இல்லை. கூறாக வைத்திருப்பதை வாங்கும்போது அடியில் இருப்பதையும் புரட்டிப் பாருங்கள். அன்றைக்கே சமைக்கும் தக்காளி, கறிமிளகாய் என்றால் கூறு லாபம், வைத்துச் சமைப்பதற்குக் கூறு சரிவராது.

பேரம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். எழுதி வைத்த கிலோ விலையில் ‘அடு கரன்ன’ (குறையுங்கள்) என்று மல்லுக்கட்டுவதால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஒரே ஆளிடம் நாலு சாமான் எடுங்கள், கணக்குக் கூட்டும் நேரத்தில் கறிவேப்பிலை, ரம்பை, ஒரு பிடி பச்சை மிளகாய் கேளுங்கள், தானாக விழும். ஒவ்வொரு கிழமையும் அதே ஆளிடம் போனால் அழுகலைத் தள்ளிவிட அவருக்கே மனம் வராது. காலையில் போனால் நல்ல கீரை கிடைக்கும், கடை கட்டும் நேரத்தில் விலை இறங்கும். மழை நாளில் கட்டுக் கீரை நீர் ஊறிப்போயிருக்கும், அன்று ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். போகும்போது பஸ், வரும்போது ஓட்டோ. இரண்டு பக்கமும் ஓட்டோ என்றால் சந்தையில் மிச்சம் பிடித்ததில் பாதி அதற்கே போய்விடும்.

அங்கே இருப்பவர்கள் எல்லோரும் தோட்டத்திலிருந்து நேரே வந்தவர்கள் என்று நினைக்க வேண்டாம், பலர் மொத்தச் சந்தையில் எடுத்து விற்பவர்கள்தான். அப்படியானால் மொத்தச் சந்தைக்கே போகலாமே என்று தோன்றும். கோட்டைப் பக்கம் இருந்த மெனிங் சந்தை 2020 இல் பேலியகொடைக்குப் போய்விட்டது. மூன்று நாலு குடும்பம் சேர்ந்து, விடியற்காலையில் எழும்பி, மூட்டைக் கணக்கில் எடுத்துப் பிரிப்பதானால் அங்கே போவது கட்டுப்படியாகும். தனி ஒரு வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

மாமிக்கு என்ன சொல்வது? கரட் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் கரட்டில் இருக்கும் அந்த மஞ்சள் சத்து, உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறுவது, பூசணியிலும் பப்பாசியிலும் கீரையிலும் இருக்கிறது. போஞ்சியும் லீக்ஸும் விலையில் கூடியதால் சத்திலும் கூடியது ஆகிவிடாது. மலைநாட்டு மரக்கறியின் விலை நுவரெலியா, வெலிமடைப் பக்கத்து வானத்தைப் பொறுத்தது, அங்கே ஒரு கிழமை அடைமழை என்றால் இங்கே விலை எகிறும். 2024 ஜனவரியில் கரட் கிலோ 2,000 ரூபாவைத் தாண்டியது மாமிக்கு நினைவிருக்கும். அப்படி ஏறும் கிழமைகளில் கரட்டை மறந்துவிட்டுப் பூசணிக்கு மாறுவதால் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வராது. அந்தச் சத்து உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். அதற்காக முழுத் தேங்காயையும் பிழிய வேண்டியதில்லை, சுண்டலில் போடும் ஒரு பிடித் துருவலே போதும். பாலாகப் பிழிந்து சக்கையை எறிவதைவிட அது காசுக்கும் நல்லது. சித்திரைப் புத்தாண்டு, கந்தசஷ்டி நாட்களில் விலை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை, அதற்கு முந்திய கிழமையே தாங்குவதை வாங்கி வைத்துவிடுங்கள்.

அளவைப் பற்றி ஒன்று சொல்லத்தான் வேண்டும். 10 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நாளுக்கு 400 கிராம் மரக்கறியும் பழமும், 6 முதல் 9 வயது வரை 350 கிராம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் ஐந்து பேருக்குக் கிழமைக்குப் பதின்மூன்றரைக் கிலோவுக்கு மேல் வருகிறது. உருளைக்கிழங்கும் மரவள்ளியும் இதில் சேராது, அவை சோற்றுக் கணக்கு. அவற்றைக் கழித்தால் உங்கள் பட்டியல் ஆறு ஏழு கிலோதான். பயப்படுத்துவதற்குச் சொல்லவில்லை. இந்தக் காசில் உடனே பதின்மூன்றரைக்குப் போக முடியாது, பத்துக்குப் போகலாம். உருளைக்கிழங்கில் ஒரு கிலோவைக் குறைத்து, போஞ்சியைக் கால் கிலோவாக்கி, அப்பிளை விட்டுவிட்டால் பாதி வழி வந்துவிடுவீர்கள்.

அப்பிள் எதற்கு, சொல்லுங்கள்? நோயாளியைப் பார்க்கப் போகும்போது வாங்கும் பழம் அது. அந்தக் காசுக்கு ஒரு பப்பாசி, ஒரு சீப்பு வாழைப்பழம், அரைக் கிலோ கொய்யா. கொய்யாவில் தோடம்பழத்தைவிடப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கிறது. வாழைச்சீப்பு பாதி பச்சையாக இருக்கட்டும், வியாழன் வரை வரும்.

மீனுக்கும் முட்டைக்கும் 1,700 ரூபா அளவில் ஒதுக்கலாம். பெரிய மீனில் நாலு துண்டு வாங்குவதைவிடச் சாளை, சூடை போன்ற சின்ன மீன் வாங்குங்கள், கொறுக்காய்ப் புளி போட்டு நன்றாக அவித்தால் முள்ளோடு சாப்பிடலாம், சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். நெத்தலிக் கருவாடும் நல்லது. மாமிக்குப் பிரஷர் இருந்தால் உப்புப் போக ஊறவைத்து, இரண்டு தண்ணீரில் அலசிச் சமையுங்கள். பருப்பு, கௌபி, பயறு, கடலையைக் கிழமைக் காசில் சேர்க்காமல் மாதம் ஒருமுறை புறக்கோட்டை நாலாம், ஐந்தாம் குறுக்குத் தெருப் பக்கம் போய் வாங்கி வையுங்கள். வியாழன் இரவு கௌபியை ஊறவைத்தால் வெள்ளிக்கிழமையின் மூன்று கறியில் ஒன்று அங்கேயே முடிந்தது.

நண்பி சொன்ன சேதன மரக்கறி. சனிக்கிழமைகளில் ரேஸ்கோர்ஸில் நடக்கும் குட் மார்க்கெட்டுக்கு நானும் போவேன், நல்ல சிவப்பரிசி கிடைக்கும், பிள்ளைகளோடு சும்மா சுற்றவும் நல்ல இடம். ஆனால் 6,000 ரூபாவுக்குள் ஐந்து பேருக்குக் கிழமை முழுக்க அங்கே வாங்கினால் நீங்கள் குறைப்பது மருந்தை இல்லை, மரக்கறியை. குறைவான சேதன மரக்கறியைவிட நிறையச் சாதாரண மரக்கறி நல்லது, உங்கள் நிலையில் இதில் எனக்கு இரண்டாம் யோசனையே கிடையாது. ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள், கோவாவிலும் லீக்ஸிலும் வெளி இலையைக் கழற்றுங்கள், தோல் சீவக்கூடியதைச் சீவுங்கள். உப்பும் மஞ்சளும் போட்டு ஊறவைப்பதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். எனக்குக் கொஞ்சம் யோசனை வருவது கங்குனில்தான். அது தான் வளரும் தண்ணீரில் உள்ளதை எல்லாம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், நகரத்து வாய்க்கால் ஓரத்தில் வளர்ந்ததைக் கழுவி ஒன்றும் ஆகாது. எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள், திருப்தியான பதில் இல்லையென்றால் வல்லாரையோ பொன்னாங்காணியோ எடுங்கள். வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் போடுவதால் அதையும் வேரை வெட்டி, இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள்.

மகளின் விஷயம் கடைசியில் வந்தாலும் அதைத்தான் நீங்கள் முதலில் செய்ய வேண்டும். கீரையாலும் கௌபியாலும் மட்டும் இரத்தம் ஏறிவிடும் என்று கிளினிக்கில் தந்த இரும்புச்சத்துக் குளிசையை நிறுத்திவிடாதீர்கள். மாதவிடாய் தொடங்கிய வயதில் சாப்பாடு துணைக்குத்தான், குறைந்துபோனதை எடுத்து நிறுத்துவது குளிசை. அதைத் தேநீரோடும் பாலோடும் விழுங்கக் கூடாது, தேசிக்காய்த் தண்ணீரோடு எடுக்கலாம். கீரைச் சுண்டலுக்குத் தேசிக்காய் விடுவதும் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான், சூட்டில் விட்டால் வைட்டமின் சி வீணாகும். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கும் பழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும், அதிலிருக்கும் சாயம் இரும்புச்சத்தைச் சேரவிடாது, மகளுக்கு மட்டுமாவது ஒரு மணித்தியாலம் தள்ளிக் கொடுங்கள். குளிசையால் மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். வயிற்றைப் பிரட்டினால் நீங்களாக நிறுத்தாமல் கிளினிக்கில் சொல்லுங்கள், எடுக்கும் நேரத்தையோ அளவையோ மாற்றித் தருவார்கள். இரத்தத்தைத் திரும்ப எப்போது பார்க்க வேண்டும், பூச்சி மருந்து கொடுக்க வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.